டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு முதல் தடவை போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இங்க ஸ்டேஷன் எங்கண்ணே இருக்கு?" கேரட்டும் சோளக்கதிரும் விற்கிற அந்தக் கடைக்காரர், அநேகமாகத் தமிழர்தான், எந்தப் பக்கம் காட்டுவது என்று யோசித்துவிட்டுப் பொதுவாகக் கீழே சரிவைக் காட்டுவார். தண்டவாளம் இல்லை, பிளாட்பாரம் இல்லை, சிக்னல் கம்பம் இல்லை. பெயர் மட்டும் நூறு வருஷமாக அங்கேயே நிற்கிறது.

1902இல் மூணாறுக்கும் அந்த மலை விளிம்புக்கும் நடுவே, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக, தேயிலைக் கம்பெனிக்காரர்கள் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு வண்டியைப் போட்டார்கள். சுமையில் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல் இருக்கும், பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டில் உருண்டு வண்டி சாயாமல் தாங்கும், இழுப்பது மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் நிஜமான குட்டி ரயில் பாதையே போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடிநாயக்கனூர் வழியாகச் சமவெளிக்குப் போகும். ரயிலும் ரோப்வேயும் சந்திக்கிற மேல்முனை டாப் ஸ்டேஷன், ரோப்வேயின் கீழ்முனை பாட்டம் ஸ்டேஷன். குரங்கணியிலிருந்து மேலே நடந்து போகிற பாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன ஊர்கூட இருக்கிறது. 1924 ஜூலையில் கேரளம் முழுக்க அடித்த பெருமழை, மலையாள ஆண்டு 1099 என்பதால் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள், அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்ப யாரும் போடவில்லை.

ஆனால் அதே பாதையின் மறுமுனையைப் பாருங்கள். மூணாறில் இருந்த ஸ்டேஷன் கட்டடம் பிழைத்துக்கொண்டது, தேயிலைக் கம்பெனி அதை அலுவலகமாக வைத்துக்கொண்டது. ஒரே ரயில், ஒரே வெள்ளம், இரண்டு ஸ்டேஷன்கள். ஒன்றில் தினமும் காலையில் யாரோ வந்து கதவைத் திறந்தார்கள், இன்னொன்றில் திறப்பதற்கு வேலை எதுவும் மிச்சம் இல்லை. கைவிடப்பட்ட ஸ்டேஷன்கள் என்னவாகின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வித்தியாசம்தான். இடி விழுந்தோ வெள்ளம் அடித்தோ போகிற ஸ்டேஷன்கள் குறைவு. தனுஷ்கோடி போல, 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் ஓடிக்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டியோடு சேர்த்து ஒரே அடியில் போனது அபூர்வம், அதனால்தான் அது எல்லோருக்கும் தெரிகிறது. மற்றவை இருபது, முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகின்றன, அதனால் எப்போது கைவிடப்பட்டன என்று ஒரு தேதி சொல்ல முடிவதில்லை.

எப்படிக் காலியாகின்றன என்பது புரிய, முதலில் அத்தனை நெருக்கத்தில் எதற்கு ஸ்டேஷன் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் செங்கோட்டை–புனலூர் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குள் பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், எடமண் என்று வரிசையாக ஸ்டேஷன்கள், எல்லாம் காட்டுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே. 1904இல் இந்தப் பாதை திறந்தபோது இவை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கக் கூட்டம் அலைமோதியிருக்காது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், மலை ஏற்றத்தில் இன்னும் அதிகமாக வேண்டும், ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வரும் வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன். தேயிலை, மரம், மலைச்சரக்கு ஏற்ற ஒரு குட்ஸ் ஷெட். இவ்வளவும் இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆளுக்கு குவார்ட்டர்ஸ் வேண்டும், குவார்ட்டர்ஸ் வந்தால் ஒரு டீக்கடை வரும், டீக்கடை வந்தால் ஊர் வரும். டிக்கெட் கவுண்டர் என்பது இத்தனை வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

சின்ன வயதில் நான் பகவதிபுரத்தில் பார்த்த ஒரு காட்சியைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். வண்டி ஸ்டேஷனை நெருங்கும்போது வேகம் குறையும், ஆனால் அது நிற்பதற்குள்ளேயே எஞ்சினிலிருந்து ஒரு பெரிய பிரம்பு வளையம் வெளியே வரும். வளையத்தின் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் கனமான இரும்பு உருண்டை. கீழே நிற்கிற பாயிண்ட்ஸ்மேன் அதைத் தோளில் வாங்கிக்கொண்டு ஓடுவார், ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் சுவரோரம் நிற்கும் பெட்டியில் அந்த உருண்டையைப் போடுவார், மாஸ்டர் பொத்தானை அமுக்கி அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்துப் பேசுவார், அங்கிருந்து மணி திரும்பி வந்தால்தான் இந்தப் பக்கம் புது உருண்டை வெளியே விழும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு உருண்டைதான் வெளியே இருக்க முடியும், அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. அந்த வளையத்தை விட்டெறிவதும் பிடிப்பதும் எங்களுக்கு விளையாட்டு மாதிரித் தெரிந்தது. உண்மையில் மலைமேல் இரண்டு வண்டிகள் மோதாமல் காத்தது அந்த உருண்டைதான், அந்த உருண்டைக்காகத்தான் அந்த மாஸ்டர், அந்த மாஸ்டருக்காகத்தான் அந்த அறை.

இப்போது இந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். டீசல் எஞ்சின் வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்கு வேலை போனது. எண்பதுகளிலிருந்து ரயில்வே சரக்குப் போக்குவரத்தை முழு ரயிலாக, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்குவது என்று மாற்றிக்கொண்டே வந்தது. ஒரு வியாபாரி ஒரு வேகன், இரண்டு வேகன் என்று சரக்கு அனுப்புவது நின்றதும் சின்ன ஊர் குட்ஸ் ஷெட்டுகள் எல்லாம் ஒரே தலைமுறையில் செத்தன. என்னைக் கேட்டால் பயணிகள் வண்டி நின்றதைவிட இதுதான் பெரிய அடி, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, குட்ஸ் ஷெட்டுக்கு ஊரில் யாரும் மாலை போட்டு வழியனுப்பவில்லை. அப்புறம் சிக்னல் முறை மாறியது, ஒரு ஸ்டேஷனில் உட்கார்ந்து பக்கத்துச் சிக்னல் கேபின்களின் வேலையையும் செய்ய முடிந்தது, லூப் லைன்கள் தேவைப்படாத இடத்தில் எடுக்கப்பட்டன, மாஸ்டர் போனார். மாஸ்டர் போன இடம் ஹால்ட் ஆகிவிடும். ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் ரயில்வே ஊழியர் கிடையாது, ஏஜென்ட். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி வந்து விற்பார், விற்றதில் கமிஷன் கிடைக்கும். வண்டி குறைந்தால் விற்பனை குறையும், விற்பனை குறைந்தால் அவருக்கு அந்த வேலையில் காப்பிச் செலவுகூடத் தேறாது, ஒருநாள் விட்டுவிடுவார். அதற்கப்புறம் வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் அங்கே ஸ்டேஷன் இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் போராட்டம் நடத்துவதில் பிரயோஜனமில்லை. ஒரு ஸ்டேஷனின் வருமானம் என்பது அங்கே ஏறுகிறவர்களுக்கான டிக்கெட் பணம். இறங்குகிறவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. எல்லைப் பக்கத்து ஊர்களுக்கு இது ரொம்பவே பாதகமான கணக்கு. ஆரியங்காவுக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள், தென்மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், சபரிமலை சீசனில் வருகிறவர்கள், எல்லோரும் வேறெங்கோ டிக்கெட் வாங்கி இங்கே இறங்குகிறவர்கள். அத்தனை பேர் வந்து போனாலும் ஏட்டில் அந்த ஸ்டேஷன் சோம்பேறியாகத்தான் தெரியும். வருமானம் இல்லை என்று வண்டியைக் குறைப்பார்கள், வண்டி இல்லை என்று ஜனம் பஸ்ஸுக்குப் போகும், பஸ்ஸுக்குப் போனதும் ஏட்டில் எண்ணிக்கை இன்னும் இறங்கும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளையே எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி ஓட்டியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது, 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ஆனது. பெரிய ஊர்க்காரர்களுக்கு அது இருபது ரூபாய் வித்தியாசம். அடுத்த ஸ்டேஷனுக்கு வாழைத்தாரோடு போய் வருகிற அம்மாவுக்கு அது அன்றைய லாபத்தில் பாதி, அவர் அந்த நாலு வருஷத்தில் பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ பழகிவிட்டார். பழகியவர் திரும்பி வர நாளாகும்.

மீட்டர் கேஜ் ஒழிப்பு தனிக் கதை. 1992இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்று ரயில்வே முடிவெடுத்தது, ஒரு மீட்டர் பாதைகளை 1,676 மில்லிமீட்டராக மாற்ற ஆரம்பித்தார்கள். முடிவு சரியானதுதான், இதை நான் குறை சொல்ல மாட்டேன், இல்லாவிட்டால் எங்கள் பாதை மியூசியமாகியிருக்கும். ஆனால் மாற்றுவதற்காக மூடுகிற அந்த இடைவெளி இருக்கிறதே, அதில்தான் பழைய ஸ்டேஷன்களின் உயிர் போனது. செங்கோட்டை–புனலூர் 2010 செப்டம்பரில் மூடப்பட்டது, முழுப் பாதையிலும் மறுபடி வண்டி ஓடியது 2018இல். ஏழரை வருஷம். ஏழரைச் சனி என்று எங்கள் ஊரில் சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. வண்டி நீளம் என்பதால் புது பிளாட்பாரம் நீளமாக வேண்டும், ஜல்லி கொட்டி மேடேற்றினால் பழைய கட்டடம் பள்ளத்துக்குள் போய்விடுகிறது, வளைவு ஒத்துவராத இடத்தில் ஸ்டேஷனையே தள்ளிக் கட்ட வேண்டியிருக்கிறது. கழுதுருட்டிப் பக்கம் உள்ள பதிமூன்று கண் பாலத்துக்கு நல்ல காலம், அதை இடிக்காமல் பலப்படுத்தி அதன் மேலேயே அகலப் பாதையைக் கொண்டுபோனார்கள். பாலத்துக்குக் கிடைத்த மரியாதை கட்டடங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு ஸ்டேஷன் மூடினால் அதன் சாமான்கள் எங்கே போகின்றன? தண்டவாளத்தை ரயில்வே ஏலம் விடும், பழைய இரும்புக்கு நல்ல விலை, லாரியில் ஏறிப் போய்விடும். சிலிப்பர் கட்டைகளும் அப்படியே, அந்தக் காலத்து மரக்கட்டை என்றால் ஆசாரிகள் தேடி வந்து வாங்குவார்கள், ஆணி ஓட்டையோடு இருக்கும், ஆனால் உளுக்காது. தப்பித்த துண்டுகள் ஊருக்குள் இருக்கும். வேலிக் கம்பமாக, மாட்டுத்தொழுவத்துத் தூணாக, வாய்க்கால் மேல் பாலமாக. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்துக் கிளையில் தொங்கியது ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு, மேல் விளிம்பில் ஓட்டை போட்டுக் கம்பியில் கட்டியிருப்பார்கள், இரும்புக் கம்பியால் அடித்தால் கிணீர் என்று தெரு முனை வரை கேட்கும், அடித்து அடித்து ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். சின்ன ஸ்டேஷன்களிலும் வண்டி வருவதற்கு அடிக்கிற மணி இதே போன்ற துண்டுதான். அங்கே வண்டிக்கு அடித்தது, இங்கே பிள்ளைகளுக்கு அடித்தது.

கட்டடம் போவது வேறு மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓட்டுக் கூரைக்கு இரண்டு மழையும் எதிரி, ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மாஸ்டர் இருக்கும்வரை உடைந்த ஓட்டை மாற்றிவிடுவார்கள். அவர் போய் முதல் ஓடு உடைந்ததும் தண்ணீர் உத்தரத்தில் இறங்கும், அடுத்த மழையில் உத்தரம் கறுக்கும், அதற்கடுத்த மழையில் வளையும். நடுவில் ஒருநாள் கதவும் ஜன்னலும் காணாமல் போகும், பெரும்பாலும் நல்ல மரம் அது. கருங்கல் சுவர் மட்டும் எதற்கும் அசையாமல் நிற்கும், பறவை எச்சத்தில் விழுந்த ஆலோ அரசோ அதன் இடுக்கில் முளைக்கும்வரை. பாலக்காடு–பொள்ளாச்சி பாதையில் முதலமடை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கிற ஆலமரங்களைப் பார்த்திருப்பீர்கள், படம் எடுக்கிறவர்களுக்கும் போட்டோ எடுக்கிறவர்களுக்கும் பிடித்த இடம், நிழல் அப்படி விழும். மரங்களை நட்டவர்கள் வண்டிக்குக் காத்திருப்பவர்களுக்காக நட்டார்கள். இப்போது அந்த நிழலைத் தேடித்தான் பலர் அங்கே வருகிறார்கள். நிழலுக்காகவாவது ஒரு ஸ்டேஷனுக்கு ஆள் வருவது நல்லதுதான், ஆனால் அந்தக் கூட்டத்தால் ஒரு வண்டிகூடக் கூடுதலாக நிற்காது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பாதையைச் சொன்னதால் இன்னொன்று. எல்லைப் பகுதி ஸ்டேஷன்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சங்கடம் இருக்கிறது. பொள்ளாச்சி தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் ரயில்வே கணக்கில் அது பாலக்காடு கோட்டம். தென்மலை, ஒற்றைக்கல், புனலூர் எல்லாம் கேரளத்தில் இருக்கின்றன, ஆனால் அவை மதுரைக் கோட்டம். அதாவது ஓட்டு ஒரு மாநிலத்தில், ரயில் ஆபீஸ் இன்னொரு மாநிலத்தில். புனலூர்க்காரர் தன் எம்.பி.யிடம் கேட்டால் அவர் மதுரைக்கு எழுத வேண்டும், பொள்ளாச்சிக்காரர் பாலக்காட்டுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் நல்லவர்களாகவே இருந்தாலும், தங்கள் கோட்டத்தின் கடைசி முனையில் கிடக்கிற, பக்கத்து மாநிலத்து ஊருக்காக யாரும் முண்டியடித்துப் பேச மாட்டார்கள். பாலக்காடு–பொள்ளாச்சி அகலப் பாதை 2015இல் திறந்தும், முன்பு அந்த வழியே போன ராமேஸ்வரம் வண்டிகள் பல வருஷம் திரும்பி வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இத்தனைக்கும் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். கோடு மாறியது, பாதை மாறவில்லை. பகவதிபுரத்தைத் தாண்டிக் குகைக்குள் தமிழ் பேசிக்கொண்டு நுழைந்து மலையாளம் கேட்டுக்கொண்டு வெளியே வருகிற ஜனத்துக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

கைவிடப்பட்டது எல்லாம் அப்படியே கிடக்கும் என்றும் இல்லை. போடிநாயக்கனூரைப் பாருங்கள். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது, ஏலக்காயும் தேயிலையும் மலையிலிருந்து இறங்கி ஏறுகிற இடம். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், இரும்பு யுத்தத்துக்குத் தேவைப்பட்டது. ஐம்பதுகளில் மறுபடி பாதை வந்தது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மறுபடி மூடினார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 அன்று போடி வரைக்கும் வண்டி வந்து சேர்ந்தது, அதே நாளில் சென்னைக்கும் நேரடி வண்டி. ஒரே ஊர் இரண்டு தடவை ரயிலை இழந்து இரண்டு தடவை திரும்ப வாங்கியது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்து முடித்த பிள்ளைகளுக்கு ரயில் என்பது தாத்தா சொன்ன கதை. தினமும் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜனத்துக்கு அது தேவைப்படாத வண்டி என்று வெளியூரிலிருந்து சிலர் சொன்னார்கள். முதல் வண்டி வந்த அன்று ஸ்டேஷனில் நின்ற கூட்டம் அதற்குப் பதில் சொன்னது. ஏன் போடிக்கு மட்டும் திரும்பி வந்தது? ஏலக்காய்ச் சந்தை அங்கேயே இருந்தது. ஊருக்கு வேலை இருந்தது, ஊர் விடாமல் கேட்டது, நிலம் ரயில்வே கையிலேயே இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் போடி ஸ்டேஷன் இருந்த இடம் இன்றைக்கு வெறும் புதராகத்தான் கிடந்திருக்கும்.

நிலம் கையில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு எர்ணாகுளம் பழைய ஸ்டேஷன் சாட்சி. ஹைகோர்ட்டுக்குப் பின்னால், நகரத்தின் நட்ட நடுவில், 1902இல் ரயில் வந்த இடம், வைக்கம் சத்தியாக்கிரகத்துக்காக 1925இல் காந்தி வந்து இறங்கிய இடம். ஜங்ஷன் பெரிதாகிப் பயணிகள் அங்கே போனார்கள், இங்கே சரக்கு மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கூரை விழுந்து, மரம் முளைத்து, பல கோடி பெறும் நிலம் காடாக இருக்கிறது.

காட்டுக்கு நடுவே ஒரு நேர்மாறான உதாரணம் இருக்கிறது, பொள்ளாச்சிப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். பரம்பிக்குளத்துத் தேக்கைக் கீழே சாலக்குடிக்குக் கொண்டுபோக 1907இல் கொச்சி அரசு ஒரு டிராம் பாதை போட்டது, சுமார் 80 கிலோமீட்டர், செங்குத்தான இடங்களில் வண்டிகளைக் கயிறு கட்டி இறக்குவார்கள். தேக்கு தீர்ந்தது, நஷ்டம் ஏறியது, 1963இல் மூடிவிட்டார்கள். கேரளத்துக் காடுதான், ஆனால் இன்றும் ரோட்டில் போக வேண்டுமென்றால் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். டாப்ஸ்லிப் என்ற பெயரே மேலேயிருந்து மரத்தைச் சரித்துவிட்ட இடம் என்பதால் வந்தது. அந்த டிராம் பாதையில் குரியார்குட்டியில் இருந்த பங்களாவில்தான் 1933இல் பறவை அறிஞர் சாலிம் அலி தங்கித் திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். மரம் வெட்டுவதற்காகப் போட்ட பாதை, அது போனதும் காடு தன் இடத்தை எடுத்துக்கொண்டது, இன்றைக்குப் புலிகள் காப்பகம். எல்லா ஸ்டேஷனும் திரும்பி வர வேண்டும் என்று நான் நினைக்காததற்குக் காரணம் இந்த இடம்தான். இதன் மேல் மறுபடி தண்டவாளம் போட வேண்டும் என்று யாராவது கேட்டால் முதல் ஆளாக வேண்டாம் என்பேன்.

ஆனால் ஜனம் இருக்கிற இடத்தில் ஸ்டேஷனை விடக் கூடாது. எங்கள் மலைப்பாதையில் அகலப் பாதை வந்து, அப்புறம் மின்சாரக் கம்பியும் வந்துவிட்டது, தூரத்து எக்ஸ்பிரஸ்கள் ஓடுகின்றன, எல்லாம் நல்ல விஷயம். அந்த எக்ஸ்பிரஸ்கள் தாண்டிப் போகிற சின்ன ஸ்டேஷன்கள்தான் அடுத்து காலியாகப் போகிறவை. இப்போதே ஆள் இருக்கும்போதே அந்தப் பழைய கட்டடங்களின் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும், பஞ்சாயத்து நூலகமோ, வனத்துறைச் சோதனைச் சாவடியோ, மகளிர் குழுவின் கடையோ, எதுவானாலும் சரி, தினமும் யாராவது கதவைத் திறக்கிற ஒரு வேலை. கூரை விழுந்த பிறகு பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைப்பதைவிட, விழுவதற்கு முன்னால் நூறு ஓடு மாற்றுவது செலவு குறைவு.

போன வருஷம் மலைக்கு நடுவே இருக்கிற அப்படியொரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம், குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்து, கடைசியில் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். பழைய ஸ்டேஷன் இருந்த இடம், தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம், கேபின் படிக்கட்டில் மிஞ்சிய மூன்று படி, எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். திரும்பி வரும்போது கேட்டார்.

"டிக்கெட்டு எங்க எடுத்திய தம்பி?"

"செங்கோட்டைல அண்ணாச்சி. போக வர ரிட்டர்ன் எடுத்துட்டேன்."

அவர் நின்றுவிட்டார். "போறதுக்கு அங்க எடுங்க, வேண்டாங்கல. வர்றதுக்கு இங்கல்லா எடுக்கணும்? அந்தப் பத்து ரூவா இந்த ஸ்டேஷன் கணக்குல ஏறியிருக்கும். இன்னிக்கு எத்தன டிக்கெட்டு வித்துருக்கும்ணு நினைக்கிய?" என்று கவுண்டரைப் பார்த்தார்.

பையில் ரிட்டர்ன் டிக்கெட் இருக்கும்போதே கவுண்டருக்குப் போய்ச் செங்கோட்டைக்கு இன்னொன்று வாங்கினேன். அவர் அதைக் கையில் வாங்கி, ஸ்டேஷன் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.